எதுக்களிப்புக்கு ஒப்பரேசன் செய்யப்போகிறவர்களுக்கும், மறுபடி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கும்

யாழ்ப்பாணத்தில் மேல்வயிற்றிலிருந்து தொண்டைக்குழி வரை வருகிற எந்த வருத்தத்துக்கும் காஸ்ரிக் என்ற ஒரே பெயர்தான். வயிற்றுப்புண்ணும் காஸ்ரிக், பித்தப்பைக் கல்லும் காஸ்ரிக், சில வேளை மாரடைப்பும் காஸ்ரிக். ஒப்பரேசன் பற்றி யோசிக்கத் தொடங்கியவர்கள் முதலில் இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்க வேண்டும். எதுக்களிப்புக்கான ஒப்பரேசன் ஒரேயொரு பழுதைத்தான் திருத்தும். இரைப்பையில் இருப்பது மேலே திரும்பி வருவதை அது தடுக்கும், வேறொன்றையும் செய்யாது. அந்தப் பழுது இல்லாதவருக்குச் செய்தால் பழைய வருத்தம் அப்படியே இருக்க, விழுங்கக் கஷ்டமும் வயிறு ஊதலும் புதிதாக வந்து சேரும். இரண்டாவது ஒப்பரேசன் கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு முதலாவதே தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கத்தி எடுப்பதற்கு முந்திய வேலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. நடக்கும்போதோ படியேறும்போதோ வருகிற நெஞ்செரிவு, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற நெஞ்சுநோ, வியர்வையோடு வருகிற நெஞ்சுப் பாரம் ஆகியவற்றை காஸ்ரிக் என்று எண்ணிக் குளிசை போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. சலரோகம் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனம். உடனே 1990 சுவசெரியவை அழைத்து வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எதுக்களிப்பைப் பற்றிய கதை அதற்குப் பிறகு.

பழுது எங்கே இருக்கிறது

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகட்டில் ஒரு துவாரம் உண்டு. உணவுக்குழாய் அதனூடாக இறங்கி இரைப்பையில் சேர்கிறது. சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பிரிமென்றகட்டின் தசைக்கால்கள் இரண்டும் ஒரு கவ்வி போலப் பிடித்திருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்து ஒன்றுக்கொன்று துணை செய்யும்வரை அமிலம் மேலே வராது. துவாரம் அகன்று இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிட்டால் வளையம் ஓரிடம், கவ்வி ஓரிடம் என்றாகிவிடும். இதைத்தான் ஹயற்றஸ் ஹேர்னியா என்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் மறு ஒப்பரேசனைப் பற்றிப் பேசும்போது இதுவே காரணமாக வரும். வயிற்றறையின் அமுக்கம் எப்போதும் நெஞ்சறையின் அமுக்கத்தைவிடக் கூட. ஒவ்வொரு மூச்சும் இரைப்பையைச் சற்று மேலே இழுக்கிறது. இருமல், சத்தி, ஓங்காளம், மலச்சிக்கலில் முக்குதல், பாரம் தூக்குதல் எல்லாம் அதைக் கீழிருந்து தள்ளுகின்றன. ஒப்பரேசனில் போடும் தையல்கள் வாழ்நாள் முழுவதும் இந்த இழுவைக்கு ஈடுகொடுக்க வேண்டும். அவை போடப்படுவதோ மெல்லிய தசையில்.

முதலில் குளிசையைச் சரியாகப் போடுங்கள்

குளிசை கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைப் பிழையான நேரத்தில் போடுகிறார்கள். ஒமிப்பிரசோல் 20 மி.கி. காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன், வெறுவயிற்றில் போட வேண்டியது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பிகள் சாப்பாட்டுக்காக விழித்தெழும் நேரத்தில்தான் இந்த மருந்து அவற்றைப் பிடித்து நிறுத்தும். இரவு படுக்கும்போது, சாப்பிட்ட பிறகு, எரிகிற நேரத்தில் மட்டும் என்று போட்டால் முழுப் பலன் வராது. சரியான நேரத்தில் 8 கிழமை தொடர்ந்து போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் என்று இரண்டு வேளையாக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இது வெறும் கண்டிப்புக்காகச் சொல்வதல்ல. அமெரிக்காவில் முன்னாள் படையினரிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், குளிசைக்கு அடங்காத நெஞ்செரிவு என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். ஒமிப்பிரசோலை ஒழுங்காக இரண்டு வேளை இரண்டு கிழமை போடவைத்ததிலேயே 42 பேருக்குச் சுகம் வந்துவிட்டது. இன்னும் 99 பேருக்குப் பரிசோதனையில் எதுக்களிப்பே இல்லை. அவர்களுக்கு இருந்தது எதுக்களிப்போடு தொடர்பில்லாத நெஞ்செரிவு. எல்லாம் வடித்த பிறகு எஞ்சியவர்கள் 78 பேர்தான். அந்த 78 பேரிலோ, ஒப்பரேசன் செய்தவர்களில் 67 வீதமானோருக்கு நல்ல சுகம். மருந்துகளைக் கூட்டிக் கொடுத்த பிரிவில் 28 வீதம்தான். வடிகட்டியதால் வந்த பலன் அது.

கூடவே, கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து அமுக்கம் கூடும், நன்மை இல்லை. இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். பத்து மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு எந்த ஒப்பரேசனும் முழுச் சுகம் தராது. இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது.

யாருக்கு ஒப்பரேசன் பொருந்தும்? கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் குளிசைக்கு நன்றாகக் கேட்கிறவருக்கே ஒப்பரேசனும் நன்றாகக் கேட்கும். எரிவு குளிசையில் அடங்கினாலும் குனிந்தால், படுத்தால் சாப்பாடும் புளித்தண்ணியும் வாய்வரை வருகிறவர், பெரிய ஹேர்னியா உள்ளவர், வாழ்நாள் முழுக்கக் குளிசை போட விரும்பாத இளவயதினர் ஆகியோரே பொருத்தமானவர்கள். வெறும் ஏவறையும் வயிறு ஊதலும் மட்டும் உள்ளவருக்கு இது வேண்டாம். இந்த ஒப்பரேசனில் இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டித் தைப்பார்கள், அதைத்தான் சுற்று என்கிறோம். உடற்திணிவுச் சுட்டி 35ஐத் தாண்டியவர்களுக்குச் சாதாரணச் சுற்று நீண்டகாலம் நிற்பது கடினம். அவர்களுக்கு எடைக்குறைப்போடு சேர்ந்த இரைப்பை மாற்றுப்பாதை ஒப்பரேசன் பற்றிப் பேசுவதே நியாயம்.

தவிர்க்கக் கூடாத பரிசோதனைகள்

கமரா விட்டுப் பார்ப்பது முதலாவது. ஆறு மணித்தியாலம் வெறுவயிறு. உணவுக்குழாயின் புண்ணை ஏ (லேசானது) முதல் டி (கடுமையானது) வரை தரம் பிரித்து எழுதுவார்கள். சி, டி தரமோ, பரெட்ஸ் என்ற கல மாற்றமோ, அமிலத்தால் வந்த சுருக்கமோ இருந்தால் எதுக்களிப்பு நிரூபணமாகிவிட்டது. ஏ தரம் மட்டும் இருந்தால் அதை ஆதாரமாக எடுக்க முடியாது. சுகதேகிகளிலும் அது காணப்படும்.

கமராவில் தெளிவான ஆதாரம் கிடைக்காவிட்டால் உணவுக்குழாயில் அமிலம் ஏறுகிறதா என்று அளக்கும் 24 மணித்தியால பி.எச். பரிசோதனை வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய வயர் ஒன்றை விட்டு, தசை வளையத்துக்கு 5 செ.மீ. மேலே நிறுத்துவார்கள். இதற்கு 7 நாள் முன்பே ஒமிப்பிரசோல் வகையை நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்து போய்ப் பரிசோதனை வீணாவது அடிக்கடி நடக்கிற பிழை. அந்த ஒரு நாளில் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள், வழக்கமான வேலையையே செய்யுங்கள். உறைப்பைக் குறைத்து நல்ல பிள்ளையாக இருந்தால் முடிவு பொய்யாகிவிடும். பி.எச். 4க்குக் கீழே இருந்த நேரம் 6 வீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. நாளொன்றில் அது ஏறத்தாழ 86 நிமிடம். 4 வீதத்துக்குக் குறைந்தால் எதுக்களிப்பு நோய் இல்லை. இடைப்பட்டதுக்கு வேறு ஆதாரங்களும் சேர வேண்டும்.

மனோமெற்றி என்ற அமுக்க அளவீட்டைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். மூக்கால் குழாய் விட்டு, படுக்கவைத்து, 5 மி.லீ. தண்ணியாகப் பத்துத்தரம் விழுங்கச் சொல்வார்கள். உணவுக்குழாயின் தசை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது, கீழ் வளையம் விழுங்கும்போது திறக்கிறதா என்பதை இது காட்டும். அக்கலேசியா என்ற நோயில் வளையம் திறக்காது. சாப்பாடு உணவுக்குழாயில் தேங்கிப் புளித்து மேலே வரும், நோயாளி அதை எதுக்களிப்பு என்றே சொல்வார். திறக்காத வாசலைச் சுற்றி இன்னும் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? தண்ணியும் இறங்காது. மனோமெற்றி செய்யாமல் திகதி தந்தால், ஏன் தேவையில்லை என்று கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். இதற்காகக் கொழும்புக்குப் போய்வரச் சொன்னாலும் அந்தப் பயணம் வீணல்ல.

பேரியம் குடித்து எக்ஸ்றே எடுப்பது ஹேர்னியாவின் அளவையும் உணவுக்குழாயின் நீளத்தையும் காட்டும். நீண்டகாலச் சலரோகம் உள்ளவர்கள், சாப்பிட்டு நாலைந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் வயிறு நிரம்பியே இருப்பதாகச் சொல்பவர்கள், இரைப்பை காலியாகும் வேகத்தையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

ருடோல்ஃப் நிசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1956இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. 1991 முதல் இது சிறு துவாரங்கள் வழியே செய்யப்படுகிறது. முழு மயக்கம். வயிற்றில் ஐந்து துவாரம், ஒவ்வொன்றும் 5 முதல் 12 மி.மீ. காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உயர்த்தி, ஈரலின் இடப்பாதியைத் தூக்கிப் பிடிப்பார்கள்.

முதலில் நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையைக் கீழே இறக்கி, உணவுக்குழாயைச் சுற்றியுள்ள ஒட்டுக்களை விடுவிக்க வேண்டும். இழுத்துப் பிடிக்காமலே 2.5 முதல் 3 செ.மீ. உணவுக்குழாய் வயிற்றுக்குள் நிற்கவேண்டும் என்பது இந்த ஒப்பரேசனின் உயிர்நாடி. இழுத்துப் பிடித்தபடி கட்டினால், விட்டவுடன் அது றப்பர் போலச் சுற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். இந்த வேலையில் முன்னும் பின்னும் ஓடும் வேகசு நரம்புகள் இரண்டையும் கண்டு காக்க வேண்டும். அவை அறுந்தால் இரைப்பை ஆறுதலாகவே காலியாகும்.

அடுத்து அகன்ற துவாரத்தைச் சுருக்க, பிரிமென்றகட்டின் தசைக்கால்கள் இரண்டையும் கரையாத நூலால் பின்புறமாகச் சேர்த்துத் தைப்பார்கள். பெரிய ஹேர்னியாவுக்குச் சிலர் வலை வைப்பார்கள். ஆரம்ப மாதங்களில் அது உதவினாலும், ஐந்தாண்டு அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வலை உணவுக்குழாயை அரிக்கவும் கூடும், மறுபடி திறக்கவேண்டி வந்தால் அந்த இடம் சீமெந்து பூசினது போல இருக்கும். சாதாரண அளவு ஹேர்னியாவுக்கு வலை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

கடைசியாகச் சுற்று. இரைப்பையின் மேல் மடலை மண்ணீரலோடு பிணைக்கும் சிறு குருதிக்கலன்களை வெட்டி விடுவித்து, மடலை உணவுக்குழாயின் பின்புறமாகக் கொண்டுவந்து சுற்றுவார்கள். நிசன் முறையில் 360 பாகை. உள்ளே 56 முதல் 60 பிரெஞ்ச் அளவுக் குழாய், அதாவது 19, 20 மி.மீ. விட்டம் உள்ளது, வைத்துக்கொண்டு 2 செ.மீ. நீளத்துக்கு மட்டும் தளர்வாகத் தைப்பார்கள். சுற்று நீண்டாலும் இறுகினாலும் விழுங்க முடியாது. தூப்பே முறையில் பின்புறமாக 270 பாகை மட்டும் சுற்றி, முன்பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். எதுக்களிப்பைத் தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விழுங்கக் கஷ்டமும் ஏவறை வராத ஊதலும் தூப்பேயில் குறைவு. உணவுக்குழாயின் தள்ளும் பலம் குறைந்தவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

இரண்டு மணித்தியாலம் அளவில் முடியும். ஓரிரு நாளில் வீட்டுக்கு விடுவார்கள். தோள்மூட்டு நுனியில் இரண்டு மூன்று நாளைக்கு நோகும். அது உள்ளே எஞ்சிய வாயுவால் வருவது, பயப்பட வேண்டாம்.

முதல் ஆறு கிழமை

சுற்று நிற்பதா கழலுவதா என்பதில் நோயாளியின் கையில் உள்ள பங்கு இந்தக் காலத்தில்தான். முதல் எதிரி சத்தி. மயக்கம் தெளியும்போதே சத்தி வராமல் இருக்க ஊசி போடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒண்டன்செட்ரோன் போன்ற குளிசை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டத் தொடங்கியவுடனேயே போட வேண்டும், சத்தி வந்த பிறகல்ல. காலையில் விரலை உள்ளே விட்டு நாக்கு வழித்துக் காறி ஓங்காளிக்கிற பழக்கம் எங்களூரில் நிறையப் பேருக்கு உண்டு. அதைக் கட்டாயம் விடவேண்டும். ஓங்காளம் சத்தியைவிட மோசம், ஏனென்றால் சுற்று இறுகிய வயிற்றில் அமுக்கம் வெளியேற வழியில்லாமல் தையலில் போய் மோதும். இருமல் இருந்தால் ஒப்பரேசனுக்கு முன்பே சொல்லி மருந்தெடுங்கள். மலச்சிக்கலுக்கும் அப்படியே.

சாப்பாட்டில், வைத்தியசாலை தருகிற ஒழுங்கு ஒன்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பொதுவாக முதல் கிழமை நீராகாரம்: வடித்த கஞ்சி, பயற்றங்கஞ்சியை அரித்தெடுத்தது, உறைப்பில்லாத சூப், பால், தேசிக்காய்த் தண்ணி. ஒரு நேரத்தில் 100 முதல் 150 மி.லீ., இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். இரண்டாம் கிழமையிலிருந்து நாலாம் கிழமைவரை குழைவானவை: குழையவிட்ட சோறும் பருப்பும், சொதியில் நன்றாக ஊறி உடைந்த இடியப்பம், மசித்த கிழங்கு, முள்ளில்லாத அவித்த மீன், தயிர், கனிந்த வாழைப்பழம். எங்கள் சமையலில் சிக்கல் தருகிறவை சில உண்டு. பாண் உமிழ்நீரில் ஊறிப் பந்தாகி அடைக்கும், ஆறு கிழமைக்கு அதைத் தொடவேண்டாம். ரொட்டியும் அப்படி. புட்டும், குறிப்பாக ஒடியற்புட்டும், காய்ந்த துகளாகச் சேர்ந்து நிற்கும். கணவாய், இறைச்சித் துண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, நுங்கு ஆகியவை வழுக்கியோ நாராகவோ போய்ச் சிக்கும். சோடா வகைகள் வேண்டாம், ஏவறை வராத வயிற்றில் அந்த வாயு போக வழியில்லை. ஸ்ட்ரோவால் உறிஞ்சுவதும், கதைத்துக்கொண்டு சாப்பிடுவதும் காற்றை விழுங்கவைக்கும்.

சாப்பாடு நெஞ்சில் நின்றுவிட்டால் தண்ணியை ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். எழும்பி ஆறுதலாக நடவுங்கள், சில நிமிடத்தில் இறங்கும். பெரிய குளிசைகளை நொறுக்கலாமா, பாணியாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். நீண்டநேரம் வேலைசெய்யும் வகைக் குளிசைகளை நொறுக்கக் கூடாது. முதல் மாதங்களில் சில கிலோ மெலிவது வழமை.

பாரம் 5 கிலோவுக்கு மேல் ஆறு கிழமைக்குத் தூக்கக் கூடாது. கிணற்றிலிருந்து இழுக்கிற 10 லீற்றர் வாளியே 10 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் பாரம் வேறு. பிள்ளையைத் தூக்குவதற்குப் பதிலாக இருந்துகொண்டு மடியில் ஏற்றுங்கள். பிரதட்டை, காவடி நேர்த்தி வைத்தவர்கள் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா நெருங்கியிருந்தால் ஒப்பரேசன் திகதி எடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். கொழும்பில் செய்துகொண்டு வருகிறவர்கள், ஏறத்தாழ 400 கி.மீ. பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி நடந்து கால்களில் இரத்தம் கட்டாமல் பார்க்க வேண்டும். வாகனத்தில் சத்தி வருகிற ஆட்கள் ஏறுமுன்னே குளிசை போட வேண்டும்.

உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டியவை: எச்சிலும் விழுங்க முடியாமை, காய்ச்சலோடு நெஞ்சுநோ, மூச்சு முட்டல், கறுப்பு மலம், சத்தி வராமல் விடாத ஓங்காளத்தோடு மேல்வயிற்றில் கடுமையான நோ. கடைசியாகச் சொன்னது, சுற்றோ இரைப்பையோ நெஞ்சுக்குள் பாய்ந்து இறுகியதன் அறிகுறியாக இருக்கலாம். முதல் சில நாளுக்குள் கண்டுபிடித்தால் மறுபடி உள்ளே போய் இறக்கித் தைப்பது எளிது. பத்து நாள் கடந்தால் ஒட்டுக்கள் விழுந்துவிடும்.

திரும்ப வருத்தம் வந்தால்

முதல் இரண்டு மூன்று மாதத்தில் விழுங்கச் சற்றுக் கஷ்டம் இருப்பது வீக்கத்தால், தானாகக் குறையும். குறையாவிட்டால் பேரியம் எடுத்துப் பார்த்து, கமரா வழியாகப் பலூனால் விரிக்கலாம். ஒருமுறை, இருமுறை விரித்தும் சரிவராதபோதே ஒப்பரேசன் என்ற சொல் வரவேண்டும்.

ஆண்டுகள் கழிந்து நெஞ்செரிவு திரும்பினால் பதற வேண்டாம். சுவீடனில் இந்த ஒப்பரேசன் செய்த 2,655 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 17.7 வீதமானோருக்கு எதுக்களிப்பு திரும்பியதாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் 470 பேர். அதில் 393 பேர் குளிசையோடு இருந்தார்கள், 77 பேரே மறு ஒப்பரேசனுக்குப் போனார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. குளிசைக்குத் திரும்புவது தோல்வியல்ல. இன்னொன்று, ஒப்பரேசனுக்குப் பிறகு எரிகிறது என்று குளிசை தொடங்கியவர்களை அளந்து பார்த்தால் பலருக்கு அமிலம் சாதாரணமாகவே இருக்கும். ஆகவே மறுபடி பி.எச். அளக்காமல் இரண்டாவது ஒப்பரேசனுக்குச் சம்மதிக்காதீர்கள். பரெட்ஸ் உள்ளவர்கள், வருத்தம் முழுக்க நின்றாலும், கமராப் பரிசோதனையைத் தவணை தவறாமல் தொடர வேண்டும்.

அறிகுறியை வைத்தே பழுதை ஓரளவு ஊகிக்கலாம். எரிவும் எதுக்களிப்பும் படிப்படியாகத் திரும்பினால் சுற்றுத் தளர்ந்திருக்கும் அல்லது துவாரம் மறுபடி அகன்று சுற்று நெஞ்சுக்குள் ஏறியிருக்கும். இந்த இரண்டாவதே இன்று அதிகம் காணப்படுவது. எரிவும் விழுங்கக் கஷ்டமும் சேர்ந்து வந்தால், சுற்று வழுக்கி உணவுக்குழாயை விட்டு இரைப்பையின் மேல் இறங்கியிருக்கலாம். அப்போது சுற்றுக்கு மேலே ஒரு சிறு இரைப்பைத் துண்டு நின்று அமிலம் சுரக்கும், பேரியத்தில் உடுக்கு மாதிரித் தெரியும். முதல் நாளிலிருந்தே விழுங்க முடியாமல் இருந்து மாறவேயில்லை என்றால் சுற்று இறுகியது, முறுகியது, அல்லது ஆரம்பத்திலேயே அக்கலேசியாவைத் தவறவிட்டது. பல ஆண்டு நன்றாக இருந்துவிட்டுப் புதிதாக விழுங்கக் கஷ்டம் வந்தால் புற்றுநோய் இல்லை என்று கமராவில் உறுதிசெய்வதே முதல் வேலை. வயிறு ஊதலும் வயிற்றுப்போக்கும் மட்டும் என்றால் வேகசு நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சுற்றைத் திருத்துவதால் நரம்பு திருந்தாது.

இரண்டாவதுக்கு முன்

மறு ஒப்பரேசனுக்குக் காரணம் படத்தில் தெரிய வேண்டும், அந்தப் படத்துக்கும் நோயாளியின் வருத்தத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் திறந்து பார்ப்போம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. கமரா, பேரியம், மனோமெற்றி, பி.எச். நாலும் புதிதாக வேண்டும். பேரியத்தை நின்றபடியும் குப்புறப் படுத்தபடியும் எடுக்க வேண்டும். திரவம் வழுக்கிப் போய்விடும் என்பதால், பேரியத்தில் தோய்த்த பாண் துண்டையும் விழுங்கச் சொன்னால் தடை எங்கே என்று தெரியும். கமராவைக் கூடுமானால் ஒப்பரேசன் செய்யப்போகிறவரே விட்டுப் பார்ப்பது நல்லது. சுற்று பிரிமென்றகட்டுக்கு மேலேயா கீழேயா என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

பழைய ஒப்பரேசன் குறிப்பு இல்லாமல் போகாதீர்கள். கையில் தருகிற டயக்னோசிஸ் கார்ட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும். முழு விபரம் வைத்தியசாலையில் வைக்கும் பி.எச்.ரி. (கட்டில்தலைச் சீட்டு) கோவையில் இருக்கும். அதன் இலக்கத்தைக் குறித்துவைத்து, பிரதி வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். சென்னையிலோ கனடாவிலோ செய்தவர்கள் அங்கிருந்தே குறிப்பையும் வீடியோவையும் எடுப்பியுங்கள். அதில் தேட வேண்டியவை: எத்தனை பாகைச் சுற்று, எவ்வளவு நீளம், எந்த அளவுக் குழாய் வைத்தது, மண்ணீரல் பக்கக் கலன்கள் வெட்டப்பட்டனவா, துவாரம் எத்தனை தையலால் மூடப்பட்டது, வலை வைத்ததா, வேகசு நரம்புகள் கண்டதாக எழுதியிருக்கிறதா. வலை உண்டென்று முன்பே தெரிந்தால் சத்திரசிகிச்சை நிபுணரின் திட்டமே மாறும்.

அவசரம் இல்லாத மறு ஒப்பரேசனை, முதலாவது முடிந்து சில மாதங்களாவது கழித்தே செய்வார்கள். உள்ளே நடப்பது முதலாவதின் இரட்டிப்பு வேலை. ஈரலோடு ஒட்டியதைப் பிரித்து, பழைய சுற்றை முழுதாக அவிழ்த்து, இரைப்பையைப் பிறந்தமேனி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே புதிதாகக் கட்ட வேண்டும். பாதி அவிழ்த்து இரண்டு தையல் கூடப் போட்டு முடித்தால் அதே பழுது திரும்பும். உணவுக்குழாய் குட்டையாகியிருந்தால் கொலிஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியை ஒரு குழாயாகத் தைத்து நீளம் கூட்டுவார்கள். முதலாவது பிழைத்ததற்குக் குட்டை உணவுக்குழாயே காரணமாக இருந்து, அதைக் கவனியாமல் மறுபடி சுற்றினால் மூன்றாவதுக்கும் வரவேண்டியிருக்கும். முடிவில் காற்றோ நீலச் சாயமோ விட்டு ஓட்டை இல்லை என்று பார்ப்பார்கள்.

முதலாவதில் நூற்றுக்கு 85, 90 பேர் திருப்தியாக இருப்பார்கள் என்றால், இரண்டாவதில் அது 80 அளவுக்கு இறங்கும். ஒட்டுக்களைப் பிரிக்கும்போது இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ துளை விழுவது போன்ற சிக்கல் ஐந்தில் ஒருவருக்கு நேரலாம். கண்டவுடன் தைத்துவிட்டால் பெரும்பாலும் ஆறும். சிறு துவாரத்தால் தொடங்கிப் பெரிய வெட்டுக்கு மாற வேண்டியும் வரலாம். சம்மதக் கையொப்பம் வைக்கும்போது இவற்றைக் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது முறை என்றால் மறுபடி சுற்றுவதில் பலன் குறைவு. இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து, பித்தமும் அமிலமும் உணவுக்குழாயை எட்டாதபடி சிறுகுடலை வேறு பாதையில் இணைக்கும் ரூ முறை அப்போது நல்ல தெரிவு. உடல் பருத்தவர்களுக்கு இதை இரண்டாவதிலேயே யோசிக்கலாம். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க இரும்புச்சத்தும் விற்றமின் பி12உம் எடுக்க வேண்டும்.

மறு ஒப்பரேசனைச் செய்யப்போகிறவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவும்: முதலாவது ஏன் பிழைத்தது என்று நினைக்கிறீர்கள்? அதை எந்தப் பரிசோதனை காட்டுகிறது? இம்முறை எதை வேறுவிதமாகச் செய்வீர்கள்? இப்படியான மறு ஒப்பரேசன்களை வழமையாகச் செய்கிறீர்களா, இல்லாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? நல்ல நிபுணர் இந்தக் கேள்விகளால் மனம் கோணமாட்டார். கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள், உங்களோடு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனநெருக்கமான கிளினிக்கில் ஒருவர் கேட்க, மற்றவர் பதிலைக் குறித்துக்கொள்ளலாம்.